டெக்கார்ட் மனிதனா, ரோபோவா? இந்தச் சண்டைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பல வருஷங்களுக்கு முன்னால் நானும் ஒரு நண்பனும் 'பிளேட் ரன்னர்' படத்தைப் பற்றி ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்டோம். ஹாரிசன் ஃபோர்ட் நடித்த டெக்கார்ட் ஒரு ரோபோ, அதில் சந்தேகமே வேண்டாம் என்றான் அவன். மனிதன்தான் என்றேன் நான். "அப்போ அந்தக் குதிரைக் கனவுக்கு என்ன சொல்றே?" என்றான். எந்தக் கனவு என்று கேட்டேன். "பியானோ முன்னாடி உட்கார்ந்திருப்பானே, அப்போ வெள்ளைக் குதிரை ஒண்ணு, நெத்தியில ஒத்தைக் கொம்போட, காட்டுக்குள்ள ஓடி வருமே!" அப்படி ஒரு காட்சியே படத்தில் கிடையாது என்று அடித்துச் சொன்னேன். அவன் என்னை நன்றாகத் தூங்கிவிட்டாய் என்றான், நான் அவனை வேறு ஏதோ படத்தைப் பார்த்துவிட்டு உளறுகிறாய் என்றேன். கடைசியில் பார்த்தால் இரண்டு பேர் சொன்னதும் சரி. அவன் பார்த்தது 2007-ல் வந்த வெர்ஷன். நான் பார்த்தது 1982-ல் தியேட்டருக்கு வந்த வெர்ஷன்.

இந்த விவாதத்துக்குள் புதிதாக வருகிற எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். "டெக்கார்ட் ரோபோவா?" என்று யாராவது கேட்டால், பதில் சொல்வதற்கு முன் "நீங்கள் பார்த்தது எந்த வெர்ஷன்?" என்று திருப்பிக் கேளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கட்டுரை. படத்தின் முடிவு வரை எல்லாவற்றையும் போட்டு உடைக்கப்போகிறேன், அதனால் இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

கதை தெரிந்ததுதான், இருந்தாலும் சுருக்கமாக. ரிட்லி ஸ்காட் இயக்கம். கதை நடப்பது 2019 நவம்பரில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் (1982-ல் அது எதிர்காலம்). டைரல் என்கிற கம்பெனி மனிதனை அச்சு அசலாக ஒத்த 'ரெப்ளிகண்ட்'களைத் தயாரிக்கிறது. வேற்றுக் கோள்களில் அடிமை வேலைக்கு அனுப்புவதற்காக. அவர்கள் பூமிக்குத் திரும்பி வருவது சட்டவிரோதம், வந்தால் தேடிக் கண்டுபிடித்துக் கொல்வதற்கென்றே ஒரு போலீஸ் பிரிவு இருக்கிறது, அதில் வேலை பார்ப்பவர்கள்தான் பிளேட் ரன்னர்கள். கொல்வது என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், 'ஓய்வு கொடுப்பது' என்பார்கள். டெக்கார்ட் அந்த வேலையை விட்டு வந்தவன். தப்பி வந்த நான்கு பேரை முடிக்கச் சொல்லி மறுபடி இழுத்து வருகிறார்கள். கேள்வி என்னவென்றால், ரெப்ளிகண்ட்களை வேட்டையாடுகிற இவனே ஒரு ரெப்ளிகண்ட்தானா, அது தெரியாமலேயே வேட்டையாடிக்கொண்டிருக்கிறானா?

இங்கே 'ரோபோ' என்ற வார்த்தையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். புதிதாகப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் சொல்வது இது: "அவனுக்கு ரத்தம் வருகிறது, வலிக்கிறது, குடிக்கிறான், அப்புறம் எப்படி ரோபோ?" நியாயமான கேள்விதான், ஆனால் இந்தப் படத்தில் செல்லாது. இதில் ரெப்ளிகண்ட் என்பது இரும்பும் கம்பியும் இல்லை. சதை, ரத்தம், எலும்பு எல்லாம் உண்டு, பிறக்காமல் தயாரிக்கப்பட்டது என்பது மட்டும்தான் வித்தியாசம். இதைப் போய் ரோபோ என்று சொல்லலாமா என்றால், தாராளமாகச் சொல்லலாம். அந்த வார்த்தையே அப்படித்தான் பிறந்தது. செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920-ல் எழுதிய 'ஆர்.யு.ஆர்.' நாடகத்தில்தான் 'ரோபோ' முதன்முதலில் வந்தது, அதில் வருகிற ரோபோக்கள் தகர டப்பாக்கள் இல்லை, தொழிற்சாலையில் செயற்கைச் சதையால் உருவாக்கப்பட்டவை, பார்வைக்கு மனிதர்கள். 'ரோபோட்டா' என்றால் செக் மொழியில் கட்டாய உழைப்பு, கொத்தடிமை வேலை. ஆக முதல் ரோபோவின் அடையாளம் உலோகம் இல்லை, அடிமைத்தனம். ரெப்ளிகண்ட்களும் அதே வம்சம்தான். ஆண்ட்ராய்ட் என்றால் மனித வடிவம் கொண்ட ரோபோ.

சரி, உடம்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்றால் எப்படித்தான் கண்டுபிடிப்பது? படத்தில் இதற்கு ஒரு சோதனை இருக்கிறது, வாய்ட்-காம்ஃப் என்று பெயர். எதிரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள், ஒரு கருவி கண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும். படத்தின் ஆரம்பத்திலேயே லியோன் என்பவனிடம் இந்தச் சோதனை நடக்கிறது. பாலைவனத்தில் நடந்துபோகிறாய், ஓர் ஆமையைப் பார்க்கிறாய், அதைப் பிடித்து மல்லாக்கப் புரட்டிப் போடுகிறாய், வயிறு வெயிலில் வேகிறது, காலை உதைக்கிறது, உன் உதவி இல்லாமல் அதால் திரும்ப முடியாது, ஆனால் நீ உதவவில்லை, ஏன்? இதுதான் கேள்வி. பதில் முக்கியமில்லை. அந்த ஆமையை நினைத்த நொடியில் கண்மணி விரிகிறதா, முகம் சிவக்கிறதா, அதுதான் முக்கியம். அதாவது இந்த உலகத்தில் மனிதன் என்பதற்கான சான்றிதழ் இரக்கம் மட்டும்தான். வேடிக்கை என்னவென்றால், ஆள் ஆளாகத் தேடிச் சுட்டுக்கொல்கிற டெக்கார்ட்தான் அந்தச் சான்றிதழைக் கொடுக்கிற அதிகாரி. "இந்தச் சோதனையை நீ எப்போதாவது எடுத்திருக்கிறாயா?" என்று ரேச்சல் அவனிடம் ஒரு முறை கேட்கிறாள். பதில் இல்லை. அதற்குள் தூங்கிவிட்டிருக்கிறான்.

ரேச்சலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் ரோபோக் கட்சியின் மொத்த வாதமும் அவளிடமிருந்துதான் கிளம்புகிறது. டைரல் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். தன்னை மனுஷி என்றே நம்புகிறாள். வழக்கமாக இருபது முப்பது கேள்வியில் முடிகிற சோதனை அவளுக்கு நூறைத் தாண்டுகிறது, கடைசியில் ரெப்ளிகண்ட் என்று தெரிகிறது. நம்ப முடியாமல் டெக்கார்டின் வீட்டுக்கே வருகிறாள், அம்மாவோடு எடுத்த சின்ன வயசுப் போட்டோவை ஆதாரமாக நீட்டுகிறாள். அவன் போட்டோவைச் சட்டை பண்ணவே இல்லை. உன் ஜன்னலுக்கு வெளியே புதரில் ஒரு சிலந்தி இருந்தது ஞாபகம் இருக்கிறதா, ஆரஞ்சு உடம்பு, பச்சைக் கால்கள், கோடை முழுக்க அது வலை பின்னுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாயே என்று ஆரம்பிக்கிறான். அவள் முடிக்கிறாள்: ஒரு நாள் வலையில் பெரிய முட்டை இருந்தது, அது பொரிந்தது, நூறு குட்டிச் சிலந்திகள் வெளியே வந்தன, வந்து தாயையே தின்றுவிட்டன. யாரிடமும் சொல்லாத ஞாபகம், இவனுக்கு எப்படித் தெரியும்? அது அவளுடைய ஞாபகமே இல்லை. கம்பெனி முதலாளி டைரலுடைய அண்ணன் மகளின் ஞாபகம், இவள் தலைக்குள் பதியவைத்திருக்கிறார்கள். கோப்பில் இருந்ததை டெக்கார்ட் படித்திருக்கிறான், அவ்வளவுதான்.

இந்தக் காட்சியை மனசில் ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் மண்டைக்குள் மட்டும் இருக்க வேண்டிய ஒன்று வெளியாள் ஒருவருக்குத் தெரிந்திருந்தால், அது உள்ளே வைக்கப்பட்ட சரக்கு என்று அர்த்தம். இந்த விதியைப் படமே நமக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

இப்போது குதிரைக்கு வருவோம். டெக்கார்டின் கூடவே காஃப் என்று ஒரு போலீஸ்காரன் சுற்றுகிறான். அதிகம் பேச மாட்டான், கையில் கிடைத்ததை வைத்து ஏதாவது உருவம் செய்துகொண்டே இருப்பான், முதலில் காகிதத்தில் கோழி, அப்புறம் தீக்குச்சியில் ஒரு மனிதன். படத்தின் கடைசியில் டெக்கார்ட் ரேச்சலைக் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டு ஓடும்போது, வாசலில் அவள் காலடியில் ஏதோ தட்டுப்படுகிறது. குனிந்து எடுத்தால், மினுங்குகிற தாளில் மடித்த ஒற்றைக்கொம்புக் குதிரை. 1982 வெர்ஷனில் இதற்கு ஒரே அர்த்தம்தான்: காஃப் இங்கே வந்து போயிருக்கிறான், நினைத்திருந்தால் ரேச்சலைக் கொன்றிருக்கலாம், விட்டுவிட்டான். ஆனால் 1992-ல் 'டைரக்டர்ஸ் கட்' என்று ஒன்று வந்தது. அதில் நண்பன் சொன்ன அந்தக் கனவுக் காட்சி சேர்ந்தது. சில நொடிகள்தான். வசனம் கிடையாது, விளக்கமும் கிடையாது. ஆனால் சிலந்திக் காட்சியோடு சேர்த்துப் பாருங்கள், கடைசியில் அந்தத் தாள் குதிரையின் அர்த்தமே தலைகீழாகிவிடுகிறது. டெக்கார்ட் யாரிடமும் சொல்லாத கனவு காஃபுக்கு எப்படித் தெரியும்? ரேச்சலின் கோப்பை டெக்கார்ட் படித்த மாதிரி, டெக்கார்டின் கோப்பை யாரோ படித்திருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்து சினிமாவில் இவ்வளவு சின்ன ஒட்டுவேலை இவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்ததில்லை. (அந்தக் குதிரை, ஸ்காட் 1985-ல் எடுத்த வேறொரு படத்தில் மிச்சமானது என்று ஒரு கதை உலவுகிறது. தவறு. இந்தப் படத்துக்காகவே எடுத்ததுதான். மிச்சச் சரக்கு வேறு இடத்தில் இருக்கிறது: 1982 வெர்ஷனின் கடைசியில் இருவரும் காரில் பச்சை மலைகளைக் கடந்து போவார்களே, வானத்திலிருந்து எடுத்த அந்தக் காட்சிகள் ஸ்டான்லி குப்ரிக் 'தி ஷைனிங்' படத்துக்கு எடுத்து மிஞ்சியவை.) 1992-ல் அந்த மகிழ்ச்சியான முடிவையும், ஃபோர்ட் தூக்கக் கலக்கத்தில் படித்த மாதிரி இருக்கிற பின்னணிக் குரலையும் தூக்கிவிட்டார்கள். 2007-ல் வந்த 'ஃபைனல் கட்' அதே வழியில் இன்னும் கொஞ்சம் மெருகேற்றியது.

மற்ற தடயங்கள் இந்த அளவுக்கு வலுவானவை இல்லை. ரெப்ளிகண்ட்கள் போட்டோக்களைப் பொக்கிஷமாக வைத்திருப்பார்கள், டெக்கார்டின் பியானோ மேலும் பழைய போட்டோக்கள் குவிந்து கிடக்கும் என்பார்கள். இருக்கட்டுமே, போட்டோ வைத்திருப்பவர்கள் எல்லாம் ரோபோ என்றால் நம்மில் எத்தனை பேர் தப்பிப்போம்? அப்புறம் கண். ரெப்ளிகண்ட்களின் கண்மணி சில ஷாட்களில் பூனைக் கண் மாதிரி மின்னும், லென்ஸுக்கு முன்னால் பாதி பிரதிபலிக்கிற கண்ணாடியைச் சாய்த்து வைத்து, அதன் வழியாக வெளிச்சத்தை நேராகக் கண்ணுக்குள் பாய்ச்சி எடுத்த வித்தை அது. டெக்கார்டின் வீட்டில் ரேச்சலுக்குப் பின்னால் அவன் மங்கலாக நிற்கிற ஒரு ஷாட்டில் அவன் கண்ணும் மின்னுகிறது. வேண்டுமென்றே வைத்தது என்று ஒரு கட்சி, ரேச்சலுக்கு வைத்த வெளிச்சத்துக்குள் ஃபோர்ட் தெரியாமல் வந்து நின்றுவிட்டார் என்று இன்னொரு கட்சி.

எண்ணிக்கை விவகாரம் இதைவிட வேடிக்கை. 1982 வெர்ஷனில் போலீஸ் அதிகாரி பிரையண்ட், தப்பி வந்தவர்கள் ஆறு பேர், ஒருத்தன் மின்வேலியில் மாட்டிக் கருகிவிட்டான் என்பார். அப்படியென்றால் மிச்சம் ஐந்து. படத்தில் தேடுவதோ ராய், பிரிஸ், சோரா, லியோன் என நான்கு பேரைத்தான். ஐந்தாவது ஆள் எங்கே? டெக்கார்ட்தான் அது, பிடித்து ஞாபகத்தை மாற்றி வேலைக்கு விட்டிருக்கிறார்கள் என்று ரசிகர்கள் பத்து வருஷத்துக்கு மேல் நுணுகி நுணுகிப் பேசினார்கள். உண்மையில் மேரி என்று இன்னொரு ரெப்ளிகண்ட் திரைக்கதையில் இருந்தாள், படப்பிடிப்புக்கு முன் அந்தப் பாத்திரத்தை வெட்டிவிட்டார்கள், வசனத்தைத் திருத்த மறந்துவிட்டார்கள். 2007 வெர்ஷனில் 'இரண்டு பேர் கருகிவிட்டார்கள்' என்று மாற்றிக் கணக்கை நேராக்கிவிட்டார்கள். ஒரு சாதாரணக் கவனக்குறைவு எவ்வளவு அழகான கொள்கையாக வளர்ந்தது பாருங்கள். அதனால் எந்தத் தடயத்தைப் பார்த்தாலும், இது கதைக்குள் வைத்ததா, எடுக்கும்போது நழுவியதா என்று ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, மனிதக் கட்சி என்ன சொல்கிறது? ரெப்ளிகண்ட் என்றால் அசாத்திய பலம் என்று படத்தின் ஆரம்ப எழுத்துகளிலேயே போடுகிறார்கள். டெக்கார்டோ படம் முழுக்க அடி வாங்குகிறான். லியோன் அவனைப் பொம்மை மாதிரி தூக்கி எறிகிறான், பிரிஸ் கழுத்தைத் தொடைக்கு நடுவில் வைத்து நெரிக்கிறாள், ராய் இரண்டு விரலை முருங்கைக்காய் மாதிரி ஒடிக்கிறான். இவனை ரெப்ளிகண்ட் வேட்டைக்கென்றே தயாரித்திருந்தால் இதைவிட மட்டமான தயாரிப்பு இருக்க முடியாது. (ரேச்சலுக்கும் அப்படி ஒன்றும் பலம் தெரியவில்லையே, அவள் மாதிரி இவனும் புது ரகமாக இருக்கலாமே என்று மறு கட்சி உடனே கையைத் தூக்கும். அதையும் தள்ளிவிட முடியாது.)

ஆனால் அவர்களுடைய முக்கியமான வாதம் பலத்தைப் பற்றியது இல்லை, கதையைப் பற்றியது. கடைசியில் மழையில், கூரை விளிம்பில் தொங்குகிற டெக்கார்டை ராய் ஒற்றைக் கையால் தூக்கிக் காப்பாற்றுகிறான். நான்கு வருஷ ஆயுளோடு தயாரிக்கப்பட்டவன், அது முடிகிற நிமிஷத்தில், தன் கூட்டாளிகளைக் கொன்றவனுக்கு உயிர்ப்பிச்சை போடுகிறான். ஆமைக் கேள்விக்கு அவன் கொடுக்கிற பதில் அது. எந்திரத்திடம் இருக்கிற இரக்கம் மனிதனிடம் இல்லாமல் போயிற்றே என்பதுதான் அந்தக் காட்சியின் அடி என்றால், தொங்குகிறவன் மனிதனாக இருந்தே ஆக வேண்டும். இரண்டு பேரும் ரெப்ளிகண்ட் என்றால் அது இனப்பாசமாகச் சுருங்கிவிடும். எனக்கு இந்த வாதம் குதிரைக்குச் சமமான எடை உள்ளதாகத்தான் படுகிறது.

படம் எடுத்தவரையே கேட்டுவிடலாமே என்று தோன்றும். கேட்டாயிற்று. ரிட்லி ஸ்காட் 2000-ல் ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சி ஆவணப்படத்தில், டெக்கார்ட் ரெப்ளிகண்ட்தான் என்று சொல்லிவிட்டார். ஹாரிசன் ஃபோர்ட் பல வருஷம் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை, பார்க்கிறவர்கள் ஒட்டிக்கொள்ளத் திரையில் ஒரு மனிதனாவது வேண்டும் என்பது அவர் கட்சி, படப்பிடிப்பிலேயே இரண்டு பேருக்கும் இதில்தான் தகராறு. அப்புறம் 2023-ல் ஒரு பேட்டியில், தான் ரெப்ளிகண்ட் என்பது தனக்கு எப்போதுமே தெரியும், தன்னை மனிதன் என்று நம்பத்தான் ஒரு ரெப்ளிகண்ட் ஆசைப்படுவான், அதனால்தான் எதிர்த்தேன் என்கிற மாதிரி ஒரு போடு போட்டார்! திரைக்கதை எழுதியவர்களில் ஒருவரான ஹாம்ப்டன் ஃபேன்ச்சருக்கோ கேள்வி பிடிக்கும், விடை சொல்வதுதான் அபத்தம். ஒரே படத்தில் வேலை பார்த்த மூன்று பேருக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை.

இயக்குநர் சொன்ன பிறகு என்ன பேச்சு என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். இதே ஸ்காட் மூன்று வருஷம் முன்னால், 1979-ல், 'ஏலியன்' எடுத்தார். அதிலும் ஒளிந்திருக்கிற ரோபோ ஒன்று உண்டு, விண்கலத்தில் விஞ்ஞானியாக வருகிற ஆஷ். ஓங்கி ஓர் அடி விழுந்ததும் தலை கழன்று தொங்கும், பால் மாதிரி வெள்ளைத் திரவம் பீறிடும். அதைப் பற்றி யாராவது சண்டை போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? போட மாட்டார்கள், படமே காட்டிவிட்டது. ரோபோ என்று ஐயமில்லாமல் காட்டத் தெரிந்த மனிதர், இங்கே காட்டாமல் விட்டிருக்கிறார். பேட்டியில் சொல்வது வேறு, திரையில் இருப்பது வேறு.

மூல நாவலைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறவர்களும் உண்டு. பிலிப் கே. டிக் 1968-ல் எழுதியது, அதில் டெக்கார்ட் தன்னைத்தானே சோதித்துப் பார்த்துக்கொள்கிறான், மனிதன்தான், ஆனால் ஆண்ட்ராய்ட்கள் மேல் இரக்கம் சுரக்க ஆரம்பித்துவிட்ட மனிதன். ஆனால் நாவலின் டெக்கார்டுக்கு மனைவி இருக்கிறாள், மொட்டை மாடியில் மின்சாரச் செம்மறி ஆடு இருக்கிறது, ஊர்கூட வேறு. அவன் வேறு ஆள். அந்தச் சாட்சி இந்த வழக்குக்கு உதவாது.

2017-ல் டெனி வில்நெவ் இயக்கிய இரண்டாம் பாகம் வந்தபோது விடை கிடைத்துவிடும் என்று பலர் காத்திருந்தார்கள். முப்பது வருஷம் கழித்து டெக்கார்ட் கிழவனாகி, ஆள் நடமாட்டமில்லாத லாஸ் வேகாஸில் ஒரு நாயோடு குடியிருக்கிறான். ரேச்சலைப் பார்த்ததும் காதலிக்கும்படி உன்னை வடிவமைத்திருந்தால் என்று வில்லன் அவனைச் சீண்டுகிறான், ஆமாம் இல்லை என்று முடிக்காமல் விடுகிறான். பழுதை என்று மிதிக்கவும் முடியவில்லை, பாம்பு என்று தாண்டவும் முடியவில்லை. அந்த நாய் நிஜ நாயா என்று டெக்கார்டைத் தேடி வந்த ஒருவன் கேட்பான். தெரியாது, அதையே கேள் என்பான் டெக்கார்ட்.

என்னைக் கேட்டால், டெக்கார்ட் என்று ஒரே ஆள் கிடையாது. 1982 வெர்ஷனில் இருப்பவன் மனிதன், அதில் கனவு இல்லை, காஃபின் குதிரை வெறும் வருகைச் சீட்டு. 2007 வெர்ஷனில் இருப்பவன் ரெப்ளிகண்ட், அதே முகம், அதே அடி உதை, கூடுதலாக ஒரு குதிரை. இது நழுவல் பதில் என்று நண்பன் இன்னமும் திட்டுகிறான். திட்டட்டும், ஆனால் இரண்டையும் பார்க்காமல் அவன் பேசுவதை நான் ஏற்கமாட்டேன்.

புதிதாகப் பார்க்கப் போகிறவர்கள் 2007 வெர்ஷனில் தொடங்குங்கள், கொஞ்ச நாள் விட்டு 1982-ஐப் பாருங்கள். இரண்டிலும் ஒரே இடத்தை மட்டும் உன்னிப்பாகக் கவனியுங்கள். வாசலில் தாள் குதிரையை எடுத்து உற்றுப் பார்த்ததும், அவள் உயிரோடு இருக்கப்போவதில்லையே, ஆனால் யார்தான் இருக்கிறார்கள் என்று காஃப் முன்பு சொன்னது அவன் காதில் ஒலிக்கும். டெக்கார்ட் மெதுவாக ஒரு முறை தலையை ஆட்டுவான். இரண்டு வெர்ஷனிலும் அதே ஷாட்தான், அதே தலையாட்டல்தான். ஒன்றில் 'சரி, விட்டுவிட்டான்' என்று தெரிகிறது, இன்னொன்றில் 'ஓ, நானுமா' என்று தெரிகிறது. தாளைக் கசக்கிக் கையில் வைத்துக்கொண்டு லிஃப்டுக்குள் போவான், கதவு மூடிவிடும்.